277 பேர் போன போரும் ஷ்வெய்க் என்ற சிப்பாயும்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப்போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் வெட்டியிருக்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கும் கல்தான், ஆனால் அந்த 277 பேர் எந்த ராஜாவுக்காக, யார் மேல் கோபப்பட்டுப் போனார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது எங்கோ செக் நாட்டில் எழுதப்பட்ட ஒரு நாவல். யாரோஸ்லாவ் ஹாஷெக்கின் 'நல்ல சிப்பாய் ஷ்வெய்க்'.

எங்கள் பக்கத்தில் பட்டாளம் என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. கம்மவான்பேட்டைக்குப் போனால் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் இருப்பார். என் பெரியப்பாவும் ரிடையர்டு ஹவில்தார். அதனால் சிப்பாயைக் கிண்டல் செய்கிற நாவல் என்று யாரோ சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை, கொஞ்சம் எரிச்சலோடுதான் பிரித்தேன். நான் நினைத்தது தப்பு. இந்தப் புத்தகம் சிப்பாயை ஒரு இடத்தில்கூடக் கேவலப்படுத்தவில்லை, அவன் பக்கம் நின்றுகொண்டு அவனை அனுப்புகிறவர்களைத்தான் பார்க்கிறது.

கதை 1914-ல் ப்ராக் நகரத்தில் ஆரம்பிக்கிறது. ஷ்வெய்க்கை மருத்துவக் குழு மூளை சரியில்லாதவன் என்று எழுதிப் பல வருஷம் முன்பே பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டது. கண்ட நாய்க்கும் வம்சாவளிப் பத்திரம் எழுதி உயர்ந்த ஜாதி நாய் என்று விற்றுப் பிழைக்கிறான். மூட்டுவலிக்கு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, வீட்டுவேலை செய்யும் அம்மா வந்து ஃபெர்டினாண்டைக் கொன்றுவிட்டார்கள் என்கிறாள். எந்த ஃபெர்டினாண்ட் என்று கேட்கிறான். அவனுக்குத் தெரிந்தது இரண்டு பேர், ஒருத்தன் தவறிப்போய் ஒரு பாட்டில் ஹேர் ஆயிலைக் குடித்தவன், இன்னொருத்தன் நாய் விட்டை பொறுக்குகிறவன். செத்தது செக் நாட்டையும் சேர்த்து ஆண்ட ஆஸ்திரியப் பேரரசின் பட்டத்து இளவரசர், அதனால் ஒரு உலகப்போரே வரப்போகிறது. அந்தப் போருக்குப் போகப்போகிறவனுக்கோ அந்தப் பெயர் கொண்ட இளவரசர் நினைவுக்கே வரவில்லை. முதல் பக்கத்திலேயே நான் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டது இதனால்தான்.

அப்புறம் சாராயக்கடைக்காரர் பாலிவெட்ஸ். சக்கரவர்த்தி படத்தில் ஈ எச்சம் போட்டது, அதனால் கழற்றிப் பரணில் போட்டேன் என்று சொல்கிறார். மஃப்டியில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரன் அதைப் பிடித்துக்கொள்கிறான். பத்து வருஷம் சிறை!

படைக்கு மறுபடி அழைப்பு வந்ததும் ஷ்வெய்க்குக்கு நடக்க முடியவில்லை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஊன்றுகோலை ஆட்டிக்கொண்டு 'பெல்கிரேடுக்கு!' (எதிரி நாடான செர்பியாவின் தலைநகரம்) என்று கத்தியபடி தெருவில் போகிறான். நோய் என்று சொல்லி ஏமாற்றுகிறான் என ராணுவ ஆஸ்பத்திரியில் போட்டு வயிறு கழுவுகிறார்கள், எனிமா கொடுக்கிறார்கள். இந்தப் பகுதியைப் பெரியப்பாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டினேன். எனிமா கொடுக்கிறவனிடம் ஷ்வெய்க், என்மேல் இரக்கம் காட்டாதே, நீ எடுத்த சத்தியத்தை நினைத்துக்கொள், உன் அப்பனோ அண்ணன் தம்பியோ படுத்திருந்தாலும் கண் சிமிட்டாமல் கொடு என்கிற இடம் வந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே சிரித்தார், ரொம்ப நேரம். அப்புறம் சொன்னார்: "இவன் பைத்தியம் இல்லடா. சொன்னதை அப்படியே முழுசா செய்யறான். அதுதான் மேல இருக்கிறவனுக்குத் தாங்கல."

இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு எழுத வராது. ரகசியக் குறியீட்டைப் படிக்கும் சாவியாக அதிகாரிகளிடம் ஒரு நாவலின் இரண்டாம் பாகத்தைக் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். எந்தப் புத்தகத்தையும் முதல் பாகத்திலிருந்துதானே படிக்க வேண்டும் என்று ஷ்வெய்க் முதல் பாகம் போய்ச் சேரும்படி செய்துவிடுகிறான். மொத்தப் பட்டாலியனின் குறியீடும் போச்சு. இன்னொரு இடத்தில் குளக்கரையில் கிடந்த ரஷ்யச் சீருடையைச் சும்மா போட்டுப் பார்க்கிறான், அவனுடைய சொந்தப் படையே அவனைக் கைதியாகப் பிடித்துக்கொண்டு போகிறது.

செக்காரர்களுக்கு அது தங்கள் சண்டை இல்லை. கட்டளை ஜெர்மனில், சக்கரவர்த்தி வியன்னாவில். இதைப் படிக்கும்போது நம் வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கலகம் நினைவுக்கு வராமல் இருக்குமா? 1806-ல் புதுத் தலைப்பாகை போடு, அதில் தோல் குஞ்சம் வை, நெற்றியில் குறி வைக்காதே, தாடியை மழி என்று, சிப்பாயை மனுஷனாகப் பார்க்காத வெள்ளைக்கார அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி. ஜூலை 10 விடியற்காலையில் துப்பாக்கி வெடித்தது, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டான். நம்மவர்கள் எதிர்த்து நின்று செத்தார்கள், ஷ்வெய்க் கீழ்ப்படிந்து கீழ்ப்படிந்தே தப்பிக்கிறான். இரண்டு பேருக்கும் வந்த உத்தரவு ஒரே மாதிரியானது. மக்கான் பக்கம் அந்தச் சிப்பாய்களின் நினைவுத் தூணைத் தாண்டும்போது இப்போது ஷ்வெய்க்கும் சேர்ந்து நினைவுக்கு வருகிறான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நீளம் அதிகம். ஷ்வெய்க் எதற்கெடுத்தாலும் எங்கள் ஊரில் ஒருத்தன் இருந்தான் என்று கதை ஆரம்பித்துவிடுவான், மூன்றாம் பாகத்தில் ரயில் பயணம் முழுக்க அதுதான், எனக்கே சலிப்பு தட்டியது. அங்கே நாளுக்குப் பத்துப் பக்கம் போதும். நாவல் முடியவும் இல்லை. ஆறு பாகம் எழுத நினைத்த ஹாஷெக், நான்காவதின் நடுவில் 1923 ஜனவரியில் இறந்துவிட்டார், வயசு 39. அவரே ஷ்வெய்க் இருந்த அதே 91-வது ரெஜிமென்ட்டில் இருந்து 1915-ல் ரஷ்யர்களிடம் பிடிபட்டவர், அதனால்தான் சமையல் வண்டிக்குக் காத்திருக்கும் பசிகூட அவ்வளவு நிஜமாக வருகிறது.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நான் ஆன்லைனில் முதலில் வாங்கியது 1930-ல் வந்த பால் செல்வரின் பழைய மொழிபெயர்ப்பு. சுருக்கியது, கெட்ட வார்த்தையெல்லாம் கழுவியது. சுருக்கப்பட்டது என்று விற்றவர் எங்கேயும் போடவில்லை, திருப்பி அனுப்பப் பத்து நாள் அலைந்தேன். 1973-ல் வந்த செசில் பேரட்டின் மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்குங்கள், முழுசாக இருக்கிறது, யோசெஃப் லாடா வரைந்த படங்களும் இருக்கின்றன. உருண்டை முகம், சவரம் செய்யாத கன்னம், தொப்பி, ஒரு குழந்தைச் சிரிப்பு. அந்த முகத்தைப் பார்க்காமல் இதைப் படிக்கக் கூடாது.

வேலூர், காட்பாடி பக்கம் இருப்பவர்கள் யாராவது கேட்டால் என் பிரதியையே தருகிறேன். இப்போது பெரியப்பாவிடம் இருக்கிறது, இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி இரண்டாவது தடவை தானே படிக்கிறார், சக்கர நாற்காலி வரைக்கும் வந்திருக்கிறார்.