பனியாற்று நடைக்கு ₹1,54,000 வாங்கிக்கொண்டு, எல்லாரும் சும்மா நடக்கிற பாதையைக் காட்டினார்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்து போக நினைப்பவர்கள், யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஊர் திரும்பிப் பெட்டியைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. அவ்வளவு கோபத்தில் எழுதுகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

குடும்பச் சுற்றுலா நடத்துகிற ஒரு ஏஜென்சி. மதுரையில் ஆபீஸ், நம்ம பக்கத்துக்கென்று தனியாக ஒரு ஆள். புகார் கொடுக்கப் போவதால் பெயர் போடவில்லை. விமானம், தங்குமிடம் எல்லாம் சரியாகவே இருந்தன. அதற்கு மேல் ‘பனியாற்று நடை’ (மலையில் ஆறு மாதிரி மெல்ல நகர்கிற பெரிய பனிக்கட்டி மேல் நடப்பது) என்று தனியாக வாங்கிய ₹1,54,000தான் போயே போய்விட்டது.

அந்த ஆள் வீட்டுக்கே வந்தார். முகப்பில் உட்காரவைத்து, அத்தை வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்தார்கள். எட்டாவது படிக்கிற என் மகளுக்குப் புவியியல் பாடத்தில் வந்த பனியாறு மேல் ஒரே பித்து. ஆல்ப்ஸ் மலையிலேயே நீளமான அலெட்ச் பனியாறு, இருபது கிலோமீட்டருக்கும் மேல், அதன் மேல் நடக்க முடியுமா என்று அவளே கேட்டாள். உடனே போனில் படம் காட்டினார். ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிக்கொண்டு நீலப் பனியில் ஏழெட்டுப் பேர் நடக்கிற படம். “நாலு பேருக்கும் தனி கைடு அக்கா. கயிறு, பூட்ஸ், பூட்ஸுக்கு அடியில மாட்டற முள்ளு எல்லாம் அவங்களே தருவாங்க. மேல ரயில்ல இறங்குன உடனே ரெண்டு மணி நேரம் பனியாத்து மேலயே நடக்கலாம். ஆளுக்கு முப்பத்தெட்டாயிரத்து ஐநூறு. வேற எங்கயும் இந்த ரேட்டுக்குக் கிடைக்காது.”

அத்தை ஒன்றே ஒன்று கேட்டார்கள். “சின்னவனுக்கு ஒன்பது வயசுதாம்ப்பா, கால் கீல் வழுக்கிட்டா?” அவர் எழுந்து வந்து அத்தை கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பத்தா, உங்க பேரன் எனக்குப் புள்ள மாதிரி. அவனைக் கயித்துல நடுவுல கட்டச் சொல்றேன், முன்னாலயும் பின்னாலயும் பெரியவங்க” என்றார். போகும்போது அத்தை காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டு போனார். அதற்குமேல் எங்கள் வீட்டில் யாருக்குச் சந்தேகம் வரும்? அன்று சாயங்காலமே சீட்டு எடுத்த பணத்திலிருந்து ₹1,54,000 அனுப்பினோம்.

மே மாதம் போனோம். கிரிண்டெல்வால்டில் கேபிள் கார் ஏறி, அங்கிருந்து மலையைக் குடைந்து போகிற ரயிலில் யுங்ஃப்ராவ்யோக் என்கிற மலை உச்சி ஸ்டேஷன். 3,454 மீட்டர் உயரம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பனிவெளிக்குப் போகிற கதவருகே கைடு நிற்பார் என்று அவர் அனுப்பிய தாளில் இருந்தது. நின்றோம். அந்த உயரத்தில் என் கணவருக்குத் தலைவலி, பையனுக்குக் குளிர். யாரும் வரவில்லை.

அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண்ணிடம் தாளைக் காட்டினோம். அதில் இருந்த கம்பெனியை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பொறுமையாக விளக்கினார். அங்கிருந்து கைடோடு அலெட்ச் பனியாற்றில் இறங்குவது பொதுவாக இரண்டு நாள் பயணம், இரவு கொங்கோர்டியா குடிலில் தங்கி மறுநாள் ஃபீஷ் ஊர்ப் பக்கம் இறங்குவார்கள். கோடை நடை ஜூனுக்கு மேல்தான் சூடுபிடிக்கும். வயது வரம்பும் உண்டு. ஒன்பது வயசுப் பையனுக்கு, மே மாதத்தில், எதை விற்றார் அந்த ஆள்?

போன் போட்டோம். நாலாவது தடவை எடுத்தார். “வெளிய ஒரு பாதை போகுதுல்ல அக்கா? ஜனங்க நடக்கறாங்க பாருங்க. அதுலயே போயிட்டு வாங்க, அதுதான் நம்ம வாக்.”

அந்தப் பாதை மோன்ஷ்யோக் குடிலுக்குப் போகிறது. பனியை மெஷின் வைத்துச் சமன் செய்து, ஓரத்தில் கம்பு நட்டு வைத்திருக்கிறார்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஏற்றம். காலடியில் இருப்பது பனியாறுதான். ரயில் டிக்கெட் இருக்கிற எவரும் நடக்கலாம். கைடு வேண்டாம், கயிறு வேண்டாம், ஒரு காசு வேண்டாம். இதற்குத்தான் ₹1,54,000!

போகும்போது பையன் பனி உருண்டை பிடிக்கக் கம்பைத் தாண்டிக் கால் வைத்துவிட்டான். பின்னால் வந்த ஒருவர் கத்தி நிறுத்தினார். கம்புக்கு அந்தப் பக்கம் மேலே பனி மூடியிருக்கும், அடியில் பிளவு ஆழமாகத் திறந்திருக்கும், கண்ணுக்கே தெரியாதாம். 2022 ஜூலையில் இத்தாலியின் மர்மோலாடா பனியாறு ஒரு பக்கம் உடைந்து விழுந்து 11 பேர் செத்தார்கள். பனியாறு என்றால் அப்படிப்பட்ட இடம். கைடு வருவார் என்று பணம் வாங்கியவர் அங்கே பிள்ளைகளை அனாதையாக விட்டார். பணத்தைவிட இதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் கேட்டால், “அங்க உள்ள பார்ட்னர் தப்பு.” அப்புறம், “வானிலைக்கு உட்பட்டதுன்னு பில் பின்னாடி போட்டிருக்கே.” வெயில் அடிக்கிற போட்டோவை அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. மதுரை ஆபீசுக்குப் போனால் “சார் மீட்டிங்ல இருக்காரு”, “சீசன் முடியட்டும், அடுத்த டூர்ல கழிச்சுக்கலாம்.” கடைசியாகப் பேசியபோது சொன்னார்: “பனி மேல நடந்தீங்கல்ல, அப்புறம் என்ன?” ₹1,54,000 வாங்கியவர் பேசுகிற பேச்சா இது?

இன்னொன்று. பெற்றோரிடம் ஸ்விஸ் டிராவல் பாஸ் (அந்த நாட்டு ரயில், பஸ்ஸில் போய்வர ஒரே சீட்டு) இருந்தால், 6 முதல் 15 வயதுப் பிள்ளைகள் கூடவே சும்மா வர ஃபேமிலி கார்டு இலவசம். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் முழு பாஸ் காசு போட்டிருக்கிறார். பில்லை நேற்றுதான் வரிவரியாகப் பார்த்தேன்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கைடு நடைக்கு இங்கே பணம் கட்டாதீர்கள், அந்த ஊர் மலை வழிகாட்டிகளிடம் நேரடியாகப் பதிவு செய்யுங்கள், பிள்ளைகள் வயதை எழுதிக் கேளுங்கள். டிராவல் பாஸ் யுங்ஃப்ராவ்யோக் வரை முழுசாகச் செல்லாது, கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கனுக்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடிதான். செலவில்லாமல் பனியாறு பார்க்க கிழக்கு சுவிட்சர்லாந்தில் இருக்கிற மோர்ட்டராட்ச் ஸ்டேஷனில் இறங்கி நடந்தாலே போதும், எந்த வருஷம் பனி எதுவரை இருந்தது என்று வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள். ஏமாந்தால் 1915 நுகர்வோர் எண், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

கயிறு கட்டி நடக்கிற அதே படத்தைக் காட்டி உங்களிடமும் யாராவது வாங்கியிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் இந்த வாரமே மனு கொடுக்கிறோம், சேர்ந்தே கொடுப்போம்.