சின்ன மரக்கடைசல் லேத்தில் நான்கு வருடம்: வேகம் பற்றிக் கொஞ்சம்

காங்கயம் பக்கம், வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் நான்கு வருடமாக ஒரு சின்ன மரக்கடைசல் லேத் (மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் இயந்திரம்) ஓட்டுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கியது. அரை ஹெச்பி மோட்டார், நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டாரில் 2, 3, 4, 5 அங்குலப் படிப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), லேத்தில் அதையே தலைகீழாக மாட்டியிருக்கிறது. பெல்ட்டைப் படி மாற்றிப் போட்டால், கணக்குப்படி 576, 1080, 1920, 3600 என நான்கு வேகம்.

கடைசல்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்றால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வர வேண்டும். 3 அங்குல உருளைக்கு 2000 முதல் 3000 வரை. நான் 1920-லேயே முடித்துவிடுவேன். 9 அங்குலக் கிண்ணத்துக்கு 1000-ஐத் தாண்டக் கூடாது. ஆக, என் லேத்தில் அதற்கு 576 மட்டும்தான். 1080-ல் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதே சுற்றில் 2 அங்குலக் கட்டையின் விளிம்பு 10 கிலோமீட்டர்தான் ஓடும்.

இந்தக் கணக்கு உருட்டி முடித்த, விரிசல் இல்லாத மரத்துக்கு என்பதை இரண்டாம் வருடம்தான் உணர்ந்தேன். ஆடிக் காற்றில் பக்கத்துத் தோட்டத்து வேம்பு ஒன்று சாய்ந்தது. அதில் 9 அங்குல வட்டம் அறுத்து பேஸ்பிளேட்டில் (லேத்தில் கட்டையைத் தாங்கிச் சுழலும் தட்டு) திருகி சுவிட்சைப் போட்டேன். முந்தின நாள் பம்பரம் கடைந்ததால் பெல்ட் 1920-லேயே கிடந்தது. லேத்தே குதித்தது. நிறுத்தக் கை போவதற்குள் கட்டை பிய்த்துக்கொண்டு போய்த் தகரத்தில் மோதியது. சுவிட்சைப் போட ஓரமாக நின்றதால் தப்பித்தேன். வேகம் இரட்டித்தால் வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகும். 576-க்குப் பதில் 1920 என்றால் பதினோரு மடங்கு.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் பெல்ட்டை மெதுவான படிக்கு மாற்றாமல் ஷெட்டைப் பூட்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் இடிக்கிறதா என்று பார்க்கிறேன். கிண்ணமாக இருந்தாலும் முடிந்தவரை, மறுமுனையில் கட்டையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கை நெருக்கி வைக்கிறேன். முகக்கவசம் போட்ட பிறகும் கட்டைக்கு நேரே நிற்பதில்லை.

நம் பக்கத்துக் காற்று மரத்தைச் சீக்கிரம் காயவைக்கும், அதே வேகத்தில் தலைப்பை (குறுக்கே அறுத்த முனையை) பிளந்தும் விடும். அறுத்த அன்றே தலைப்பில் மெழுகு தடவுவேன். அப்புறம் மாட்டுவதற்கு முன் தட்டிப் பார்ப்பேன். மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம் என்று ஒதுக்கிவிடுவேன். கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வெள்வேல் கனமான மரம். கோணல் தேயும் வரை அதை எவ்வளவு சின்னதானாலும் 576-க்கு மேல் விடுவதில்லை.

ஒல்லியான நீளக் கம்புக்கும் அந்தப் பெருக்கல் உதவாது. முக்கால் அங்குலத் தடிமனுக்கு 8000 சுற்று என்று சொல்லும். இரண்டரை அடி நீளக் கம்பு அந்த வேகத்தில் நடுவில் சாட்டைபோல் வளைந்து முறிந்துவிடும். 1080-ல், அதுவும் நடுவில் தாங்கி கொடுத்துத்தான் கடைகிறேன்.

மூன்றாம் வருடம் வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) போட ஆசைப்பட்டேன். "சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு அது ஒத்து வராதுங்ண்ணா, மூணு பேஸ் மோட்டாரா மாத்திக்குங்க" என்றார் காயில் கட்டும் தம்பி. மாற்றினேன். வீட்டு 230 வோல்ட்டில் ஓட, மோட்டாரின் உள் ஒயர்களின் ஸ்டார் இணைப்பை டெல்டா இணைப்பாக்கிக் கொடுத்தார். இப்போது 25 ஹெர்ட்ஸில் (வழக்கமான 50-ல் பாதி) 288 சுற்று வரை இறங்குகிறது. நான்கு வருடத்தில் இதற்குச் செலவழித்த பணம்தான் எனக்கு முழுத் திருப்தி தந்தது. ஆனால் சட்டென்று நிற்கும்படி டிரைவை அமைத்தால் மரை போட்ட சக் (கட்டையைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) கழன்றுவிடும். நிற்கப் பத்து விநாடி கொடுத்திருக்கிறேன்.

புதிதாக லேத் செய்யச் சொல்கிறவர்கள், மேல் வேகம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கீழே 300 வருமா என்று கேளுங்கள். என் லேத்தின் 3600 படியை இதுவரை இரண்டே முறைதான் தொட்டிருக்கிறேன்.