ஆறு வருசம் ஒரு ஜிபிஎஸ்ஸோடயும் ஒரு எக்செல் சீற்றோடயும்: வன்னிக்குள்ள தூரமும் திசையும் பாத்த அனுபவம்

என்னட்ட இருக்கிறது ரெண்டு சாமான். ஒண்டு செக்கன்ட் ஹாண்டா வாங்கின கையடக்க ஜிபிஎஸ், கலர் இல்லாத சின்னத் திரை, ரெண்டு சின்னப் பற்றறி போடுறது. மற்றது போனில நானே செய்து வச்சிருக்கிற ஒரு எக்செல் சீற். ஜிபிஎஸ் நான் நிக்கிற இடத்தைச் சொல்லும், சீற் அங்க இருந்து மற்ற இடம் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் எண்டு சொல்லும். ஆறு வருசமா இது ரெண்டையும் வச்சுத்தான் இழுத்துக்கொண்டு போறன், அதால பெட்டி பிரிச்ச அண்டைக்கு எழுதிற புழுகு இதில இராது.

என்ர வேலை தோட்டங்களுக்கு யானை வேலி அடிக்கிறது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முத்தையன்கட்டு எண்டு கூப்பிடுற பக்கமெல்லாம் போவன். மச்சான் முல்லைத்தீவில கடல் தொழில். எனக்கும் அவனுக்கும் ஒரே சீற்தான், ஆனா ரெண்டு பேரையும் அது பேய்க்காட்டினது வேற வேற இடத்தில.

இஞ்ச ஆக்களிட்ட தூரம் கேட்டா பழசுகள் இன்னும் கட்டைக் கணக்குத்தான். அதாவது பரவாயில்லை, மைல் எண்டு தெரியும். ஒரு ஐயா "உதில கூப்பிடுதூரம்தான் தம்பி" எண்டு சொல்லி என்னை நடக்க வச்சார், போய்ச் சேந்து பாத்தா 1.4 கிலோமீற்றர். அவர் கூப்பிட்டா கேக்குமாக்கும்.

சீற்றில முதல் போட்டது ஹாவர்சைன் எண்ட சமன்பாடு, எல்லாரும் தொடங்கிறது அதிலதான். பூமியை 6371 கிலோமீற்றர் ஆரை உள்ள உருண்டை எண்டு வச்சுக்கொண்டு ரெண்டு புள்ளியின்ர அகலக்கோடு நெடுங்கோட்டைக் குடுத்தா உருண்டைக்கு மேலால தூரத்தைத் தரும். கூடவே திசைக்கு ஒரு சமன்பாடு, வடக்கைப் பூச்சியமா வச்சு வலப்பக்கமா 360 பாகை வரைக்கும்.

முதல் வருசம் நான் பட்ட பாட்டைச் சொல்லோணும். ஜிபிஎஸ்ஸில முல்லைத்தீவுக் கரையில ஒரு பொயின்ற் அடிச்சா அது 9 பாகை 16.020 மினிற் வடக்கு, 80 பாகை 48.840 மினிற் கிழக்கு எண்டு காட்டும். நான் என்ன செய்தன், பாகைக்குப் பக்கத்தில ஒரு குத்தைப் போட்டு 9.16020, 80.48840 எண்டு அப்பிடியே அடிச்சிட்டன். மினிற்றை 60 ஆல பிரிக்கோணும் எண்டது மண்டையில ஏறேல்ல, சரியானது 9.267, 80.814. சீற் ஒரு வார்த்தை பேசேல்ல, நல்ல பிள்ளையா விடை தந்தது. பிறகு அந்தப் புள்ளியை மப்பில போட்டுப் பாத்தா கடற்கரை உள்ளுக்க, மாங்குளத்துக்குக் கிட்ட ஒலுமடுப் பக்கமாப் போய் நிக்குது. வடக்கு தெற்கில 12 கிலோமீற்றர் பிழை, கிழக்கு மேற்கில 36. மச்சான் இண்டைக்கும் விடுறான் இல்லை, "கடலை ஒலுமடுவுக்குக் கொண்டு வந்த மனுசன்" எண்டுதான் ஆக்களுக்கு என்னை அறிமுகப்படுத்திறது. இப்ப ஜிபிஎஸ் செற்றிங்கிலயே மினிற்றை நிப்பாட்டி தசமத்துக்கு மாத்தி வச்சிருக்கிறன். அஞ்சு தசம தானம் எழுதினாக் காணும், அஞ்சாவது இலக்கம் எண்டா ஒரு மீற்றர் சொச்சம், அதுக்குப் பிறகு எழுதிறது சும்மா அலங்காரம்.

ரெண்டாவது பிழை திசையில. திசைச் சமன்பாட்டில ஏடான்2 எண்டு ஒரு பங்ஷன் வரும், புரோகிராம் எழுதிற பெடியள் அதுக்கு முதல் வையும் பிறகு எக்ஸும் குடுப்பினம், எக்செல்லில அது மாறி, முதல் எக்ஸ் பிறகு வை. நான் நெற்றில கிடந்த ஒரு புரோகிராமைப் பாத்து அப்பிடியே எழுதினன். மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுக்கு 21 பாகை எண்டு வந்துது. மாங்குளத்தில நிண்டு பாத்தா முல்லைத்தீவு கிழக்கால கொஞ்சம் வடக்குச் சாய்வு எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், 21 பாகை எண்டா கிட்டத்தட்ட நேர் வடக்கு. உண்மையான விடை 69 பாகை மட்டில. 90 இல இருந்து 69 ஐக் கழிச்சா 21, அப்பத்தான் ஓடி வெளிச்சது மாறிக் கிடக்கெண்டு. புதுசா சீற் செய்யிற ஆக்கள் முதல் உங்களுக்குத் திசை நல்லாத் தெரிஞ்ச ரெண்டு ஊரைப் போட்டுப் பாருங்கோ, கணக்கு விளங்காட்டியும் பிழை கண்ணுக்குப் படும். மற்றது மேற்குப் பக்கம் போனா விடை மைனசில வரும், 360 ஐக் கூட்டோணும், அதுக்கு ஒரு மொட் பங்ஷன் போட்டிட்டன் முடிஞ்சுது.

அதே மாங்குளம் முல்லைத்தீவு நேர்கோட்டில 43 கிலோமீற்றர் வரும், றோட்டால ஐம்பதுக்குக் கிட்ட. இது பரவாயில்லை. நந்திக்கடல் பக்கம் நிண்டு பாருங்கோ, களப்புக்கு அங்கால வீட்டுக் கூரை தெரியும், சீற் சின்ன இலக்கம் ஒண்டைக் காட்டும், மோட்டசைக்கிளில போறண்டா சுத்திக்கொண்டுதான் போகோணும். கஸ்ரமருக்குப் போக்குவரத்துக் கூலி சொல்லேக்க சீற்றைப் பாத்துச் சொல்லிப் பெற்றோல் காசு கையால விட்ட நாளும் இருக்கு.

இப்ப எனக்குப் பிடிச்ச விசயத்துக்கு வாறன். பூமி உருண்டை இல்லை எண்டு பள்ளிக்கூடத்தில சொன்னவை, நடுக்கோட்டில ஆரை 6378.137, துருவத்தில 6356.752, வித்தியாசம் 21 கிலோமீற்றர் சொச்சம், அது ஆருக்கு என்ன செய்யப்போகுது எண்டுதான் நானும் நினைச்சன். ஆனா நாங்கள் இருக்கிற 9 பாகையில அது ஒரு வேலை காட்டுது. இஞ்ச வடக்கு தெற்கா ஒரு பாகை எண்டது உண்மையில 110.6 கிலோமீற்றர், ஹாவர்சைன் அதை 111.2 எண்டு சொல்லும். கிழக்கு மேற்கில ஒரு பாகை 109.9 கிட்ட, அதில ஹாவர்சைன் கொஞ்சம் குறைச்சுச் சொல்லும். அதாவது வவுனியாவில இருந்து கிளிநொச்சிக்கு நேர்கோடு 70 கிலோமீற்றர் மட்டில வரும், கிட்டத்தட்ட வடக்குப் பாத்த கோடு, அதில ஹாவர்சைன் 350 மீற்றர் கூடக் காட்டும். மாங்குளம் முல்லைத்தீவு கிழக்குப் பாத்தது, அங்க பிழை கண்ணுக்கே தெரியாது. ஒரே சமன்பாடு, திசையைப் பொறுத்துப் பிழை மாறுது.

இதுக்கு வின்சென்ரி எண்டவர் 1975 இல குடுத்த முறை ஒண்டு இருக்கு, துருவத்தில கொஞ்சம் தட்டின பூமியின்ர உண்மையான வடிவத்தை எடுத்துத் திரும்பத் திரும்பக் கணிச்சு மில்லிமீற்றர் கணக்கில விடை தரும், பூமியின்ர அங்காலப் பக்கத்து நேரெதிர்ப் புள்ளியள் எண்டா மட்டும் அது சுத்திக்கொண்டு நிண்டிடும். ஒரு கிழமை இருந்து அதையும் சீற்றில ஏத்தினன், நல்லாத்தான் வேலை செய்துது, ஆனா என்ர பழைய போன் திறக்கவே மூச்சு வாங்கிச்சு. கடைசியில வேலிக்கு நான் பாவிக்கிறது என்ன தெரியுமோ, பைதகரஸ்! அகலக்கோட்டு வித்தியாசத்தை 110600 ஆல பெருக்கு, நெடுங்கோட்டு வித்தியாசத்தை 109900 ஆல பெருக்கு, ரெண்டையும் வர்க்கிச்சுக் கூட்டி வர்க்கமூலம் எடு, மீற்றரில விடை. வன்னிக்குள்ள இது ஹாவர்சைனை விடச் சரி. கொழும்புக்குக் கொண்டு போனா அந்த ரெண்டு இலக்கத்தையும் மாத்தோணும், அவ்வளவுதான்.

எண்டாலும் கணக்கு எவ்வளவு திறமா இருந்தாலும் உள்ள போற இலக்கம் பிழையெண்டா ஒண்டும் செய்யேலாது. ஒருக்கா நெடுங்கேணிப் பக்கம் காடு ஒட்டின தோட்டம், ஜிபிஎஸ்ஸைக் கையில பிடிச்சுக்கொண்டு எல்லையைச் சுத்தி நடந்தன், நடுவில பாலை மரத்துக்குக் கீழ இருந்து தேத்தண்ணி குடிச்சு வெத்திலையும் போட்டிட்டு எழும்பினன். நான் இருந்தன், ஜிபிஎஸ் இருக்கேல்ல. மரத்துக்குக் கீழ சிக்னல் தடுமாறி அங்கயும் இஞ்சயும் குதிச்சு, அந்தக் குதிச்சலை எல்லாம் தூரமாக் கூட்டிப்போட்டுது. நானும் அந்தத் தூரத்தை நம்பிக் கம்பி எடுத்து, ஒரு சுருள் மிஞ்சிப் போய் இண்டைக்கும் கொட்டிலுக்க கிடக்கு. இப்ப நடந்த தூரத்தைப் பாக்கிறதே இல்லை, மூலைக்கு மூலை நிண்டு ஆறுதலாப் பொயின்ற் அடிச்சு, சீற்றில துண்டு துண்டாக் கூட்டிறன். வெட்டையில 3 தொடக்கம் 5 மீற்றர் பிழை, காட்டுக்க 10 க்கு மேலயும் போகும், மூலையள் தூரமா இருந்தா அது பெரிய காரியமில்லை. கிட்டக் கிட்ட இருந்தா திசைதான் நாசம், 50 மீற்றரில 5 மீற்றர் பிழை எண்டா ஆறு பாகை திரும்பிடும், அந்த இடத்தில ஜிபிஎஸ்ஸை சேட்டுப் பொக்கற்றுக்க வச்சிட்டு நாடாவைப் பிடிக்கிறதுதான் புத்தி.

பழைய மப்போட வேலை செய்யிற ஆக்களுக்கு ஒண்டு. நில அளவைப் பழைய மப்புகள் கண்டவளைத் தளம் எண்ட அடிப்படையில, பூமிக்கு எவரெஸ்ற் 1830 எண்ட வடிவத்தை வச்சுக் கீறினது, ஜிபிஎஸ் குடுக்கிறது டபிள்யூஜிஎஸ் 84 எண்ட வேற அடிப்படையில. மாறிப் போட்டா பொயின்ற் 200 மீற்றர் சொச்சம் தள்ளி விழும். இதில பகிடி என்னண்டா ரெண்டு பொயின்ற்றும் ஒரே பிழையான செற்றிங்கில இருந்தா தூரம் சரியாத்தான் வரும், அதால கனகாலம் தெரியவே வராது, ஒண்டு பழசு ஒண்டு புதுசு எண்டு கலக்கேக்கதான் அம்பிடுவியள். மப்பில கீறின கட்டத்து இலக்கத்தைப் பாத்தும் பிடிக்கலாம், பழைய கட்டத்தில மையத்தின்ர இலக்கம் 200000, 200000, எஸ்எல்டி 99 எண்ட புதுக் கட்டத்தில 500000, 500000. ரெண்டுக்கும் மையம் பீதுருதாலகாலை.

கடல் கதை வேற. மச்சானின்ர தகப்பன் காலத்தில வாடை, கொண்டல், சோளகம், கச்சான், காத்தின்ர பேர்தான் திசை. இவன் போகேக்க 75 பாகை எண்டா வரேக்க 180 ஐக் கூட்டி 255. ஆனா சோளகம் அடிக்கேக்க 255 ஐப் பிடிச்சுக்கொண்டு வந்தா கரை சேராது, காத்தும் நீரும் தள்ளிக்கொண்டு போயிடும், சீற் சொல்லுறது இடம் இருக்கிற பக்கம், போட்டின்ர மூக்கை எங்க பிடிக்கோணும் எண்டு அது சொல்லாது. அதோட திசைகாட்டி முள்ளு இஞ்ச உண்மையான வடக்குக்கு ரெண்டு பாகை மட்டில மேற்காலதான் நிக்கும், 20 கிலோமீற்றர் ஓடினா அதாலயே 700 மீற்றர் விலகும். என்ர ஜிபிஎஸ்ஸில முள்ளு இல்லை, நடந்தாத்தான் திசை காட்டும், நிண்டா அம்புக்குறி வெறிகாரன் மாதிரிச் சுத்தும், ஆறு வருசத்தில இதுதான் எனக்கு இதில இருக்கிற பெரிய எரிச்சல். மற்றபடி மழையில நனைஞ்சுது, ரெண்டு தரம் சேத்துக்க விழுந்துது, றப்பர் உரிஞ்சு பற்றறி மூடியை றப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருக்கிறன், ஓடுது.

ஹாவர்சைனையும் அழிக்கேல்ல, அது அம்மம்மாவுக்கு. மாமா ரொறொன்ரோவில, பின்னேரத்தில அவ முத்தத்தில கதிரையைப் போட்டு மேற்கைப் பாத்துக்கொண்டு இருப்பா, கனடா அந்தப் பக்கமாம். ஒருநாள் சீற்றில போட்டுப் பாத்தன், 13800 கிலோமீற்றர், திசை 343 பாகை. மேற்கே இல்லை, வடக்கில இருந்து 17 பாகைதான் மேற்குப் பக்கம் சாய்வு. அந்தக் கோடு 73 பாகை வரைக்கும் வடக்கால ஏறி, பனிக் கடலைத் தாண்டி, பிறகு இறங்கி ரொறொன்ரோவுக்குப் போய்ச் சேரேக்க 204 பாகை, தெற்குப் பாத்து நிக்கும். அவவுக்கு இதெல்லாம் சொல்லேல்ல, "அம்மம்மா, மாமா அங்கால" எண்டு கையை மட்டும் காட்டினன். எங்கட வீட்டில நிண்டு பாத்தா அந்தப் பக்கம் கடல்.

"உந்தக் கடலுக்கு அங்காலயோ? அப்ப ஏன் அவன் அவ்வளவு காசைக் குடுத்துப் பிளேனில போனவன்?" எண்டு கேட்டுப்போட்டுக் கதிரையைத் திருப்பிப் போட்டா.