லெட்டர்மேன் மேடையா, ஜூல்ஸ் ஹாலண்ட் வட்டமா?

இரவுநேர டிவியில் ஆல்டர்நேட்டிவ் ராக் (வழக்கமான வெகுஜன பாணியிலிருந்து விலகிய ராக் இசை) என்றால் என் ஓட்டு அமெரிக்கத் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேனுக்குத்தான். 1992இல் பிபிசியில் தொடங்கிய, பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ஜூல்ஸ் ஹாலண்ட் நடத்தும் நிகழ்ச்சியில் இசைக்கே முதலிடம். குழுக்கள் ஒரே ஸ்டூடியோவில் வட்டமாக நிற்கும். ஒரு குழு வாசிக்க, மற்றவை பார்த்திருக்கும். ஒரு குழுவை நிதானமாகக் கேட்க அதுவே சரி.

2015 வரை ஓடிய லெட்டர்மேன் நிகழ்ச்சியில் பேட்டியெல்லாம் முடிந்து, கடைசியில் பெரும்பாலும் ஒரே பாட்டுதான் இருந்தது. அந்த நெருக்கடிதான் பொறி கிளப்பியது. 2014 மார்ச்சில் அங்கே ஃபியூச்சர் ஐலண்ட்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாடகர் சாமுவேல் ஹெரிங் முழங்காலை மடக்கி ஆடினார், நெஞ்சில் அறைந்துகொண்டார், திடீரென அடித்தொண்டையில் உறுமினார். என்ன ஒரு ஆவேசம்! அப்புறம் அந்தக் காட்சி இணையமெங்கும் பரவியது. லெட்டர்மேன் அதற்கு முன் என்பிசி டிவியில் நடத்திய நிகழ்ச்சியிலும் அப்படித்தான்: 1983இல் ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழு இன்னும் பெயரே வைக்காத புதுப் பாட்டைத் துணிந்து வாசித்தது.