ஹாம்பர்க்கா, பெண்டனா, புனேயா? ஊரே பார்க்க ஓடும் மாடல் ரயில்கள்

வீட்டில் ஓடும் மாடல் ரயில் வேறு, ஊரே பார்க்க ஓடும் மாடல் ரயில் வேறு. இது எனக்கு ஒரு கல்யாண மண்டபத்தில்தான் உறைத்தது. நண்பர் ஒருவர் தன் ஹெச்ஓ அளவு லேஅவுட்டை (தண்டவாளம், வண்டி, சுற்றியுள்ள ஊர் எல்லாம் சேர்ந்த மாடல்) இரண்டு நாள் காட்சிக்கு வைத்திருந்தார். நான் எடுபிடி. முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஜோர். அப்புறம் என்ஜின் திக்கித் திக்கி ஓடி, பாலத்துக்கு நடுவில் நின்றுவிட்டது. முன்னால் நின்ற பையன் கேட்டான்: "கரண்ட் போயிடுச்சா அங்கிள்?"

கரண்ட் போகவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, குற்றவாளியே அதுதான். அது கிளப்பிய தூசு தண்டவாளத்தில் படிந்து, என்ஜினின் எண்ணெயோடு சேர்ந்து, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தெறிக்கும் குட்டித் தீப்பொறிகளில் கருகிக் கருப்புப் பூச்சாக மாறியிருந்தது. விரலில் துணியைச் சுற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தால், மை தொட்டது போல இரண்டு கருப்புக் கோடுகள். ஒரு சுற்று முழுக்கத் துடைத்து முடிக்க இருபது நிமிடம். அதற்குள் பையனைக் காணோம். போதாததற்குத் துணியின் நூலிழை ஒன்று பாயிண்டில் (பாதை பிரியும் இடத்தில்) சிக்கி, அடுத்த வண்டி தடம் புரண்டது.

அன்றைக்கு ராத்திரி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹெச்ஓ என்றால் நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, நொடிக்கு 20 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் மேசை மேல் நொடிக்கு 23 சென்டிமீட்டர். எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் ஆறரை கிலோமீட்டருக்கு மேல். வருஷத்துக்கு முந்நூறு நாள் என்றால் கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர்! ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓட்டுவதற்காக வாங்கிய பொம்மை மோட்டார் ஓட வேண்டிய தூரம் இது. மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேயும், பல்சக்கரம் தேயும், சக்கரத்தின் ரப்பர் வளையம் நைந்து போகும்.

எனவே பொதுமக்களுக்கான பெரிய லேஅவுட் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி அழகைப் பற்றியதல்ல. வண்டி நின்றால் இவர்கள் என்ன செய்கிறார்கள்? உலகப் புகழ் பெற்ற ஹாம்பர்க், ரசிகர்கள் கையெடுத்துக் கும்பிடும் பெண்டன், நமக்குப் பக்கத்தில் இருக்கும் புனே ஆகிய மூன்றும் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

ஹாம்பர்க்கின் மினியேச்சர் வுண்டர்லேண்ட் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஃப்ரெடரிக் பிரவுன், கெரிட் பிரவுன் என்ற இரட்டையர்கள் இரவு விடுதி நடத்திக்கொண்டிருந்தவர்கள். 2000-இல் ஃப்ரெடரிக் சூரிச்சில் ஒரு மாடல் ரயில் கடைக்குள் நுழைந்தார். யோசனை அங்கே பிறந்தது. 2001 ஆகஸ்டில் ஹாம்பர்க் துறைமுகத்தின் பழைய கிடங்குப் பகுதியில் கதவைத் திறந்துவிட்டார்கள். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட ரயில்கள், ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பார்வையாளர்கள்.

இரவு விடுதிக்காரர்கள் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தை அலுக்கவிடாமல் வைத்திருப்பது அவர்களுக்குப் பழகிப்போன தொழில். அங்கே ஒரு முழு நாள் என்பது கால் மணி நேரம்தான்: பொழுது சாயும், லட்சக்கணக்கான குட்டி விளக்குகள் எரியும், மறுபடி விடியும். சும்மா நின்று பார்த்தால்கூட ஒன்று மாறிக்கொண்டே இருக்கும். பார்வையாளர் அழுத்துவதற்கென்றே ஏராளமான பொத்தான்கள். சுவிட்சர்லாந்துப் பகுதியில் ஒன்றை அழுத்தினால் குட்டித் தொழிற்சாலையிலிருந்து நிஜமான சாக்லேட் வந்து விழும். ரயில் பைத்தியங்கள் இதையெல்லாம் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. ஆனால் ரயில் பைத்தியத்தைக் கட்டிக்கொண்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், மாமியார்கள் எல்லோரும் இரண்டு மணி நேரம் அங்கே நிற்பதற்கு இந்தப் பொத்தான்கள்தான் காரணம்.

எனக்கு அங்கே ரயிலைவிட வியப்பு தருவது சாலை. ஃபாலர் நிறுவனத்தின் கார் சிஸ்டத்தை எடுத்துக்கொண்டு அதைத் தங்கள் தேவைக்கு முழுக்க மாற்றியிருக்கிறார்கள். சாலைக்கு அடியில் மெல்லிய இரும்புக் கம்பி ஓடும். லாரியின் முன் அச்சில் ஒரு காந்தம். கம்பி போகும் வழியில் சக்கரம் திரும்பும். மின்சாரம் வண்டிக்குள்ளேயே இருக்கும் பேட்டரியில். க்னுஃபிங்கன் என்ற கற்பனை ஊரில் அடிக்கடி எங்காவது தீப்பிடிக்கும். தீயணைப்பு வண்டிகள் வரிசையாக நீல விளக்கோடு கிளம்பும். 2011 மே மாதம் அந்த ஊருக்கு ஒரு விமான நிலையமும் வந்தது. கட்டி முடிக்க ஆறு ஆண்டு, செலவு 35 லட்சம் யூரோ. விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்து, மெல்லிய கம்பிகளின் மேல் எழும்பி, சுவருக்குள் போய் மறைகிறது.

சரி, வண்டி நின்றால்? அங்கே நிற்பதை மறைப்பதில்லை. கட்டுப்பாட்டு அறை பார்வையாளர் கண் முன்னாலேயே இருக்கிறது. வரிசையாகத் திரைகள், அவற்றின் முன் ஆட்கள். பாதை முழுவதும் பிளாக் பிளாக்காகப் பிரித்து, ஒரு பிளாக்கில் ஒரே வண்டி என்று கணினி பார்த்துக்கொள்கிறது. நிஜ ரயில்வேயின் விதிதான். ஒரு என்ஜின் எங்காவது முரண்டு பிடித்தால் ஒருவர் கையில் கருவியோடு வந்து எடுத்துக்கொண்டு போகிறார். பட்டறை அங்கேயே இருக்கிறது. மொத்தத்தில் ஹாம்பர்க்கின் பதில்: சம்பள ஆட்கள், முந்நூறுக்கும் மேல். அந்தப் பதிலைச் சொல்ல நம்மிடம் பணம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

பெண்டன் இதற்கு நேர் எதிர். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் இருக்கும் அருங்காட்சியகம். தொடங்கியவர் ராய் இங்லண்ட் என்ற ஆஸ்திரேலியர் (பெயரே இங்லண்ட், என்ன பொருத்தம்). 1925-இல் இங்கிலாந்து வந்தவர், வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கில் பழைய குடிசை வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறிப் போவதைப் பார்த்து, அழிவதற்கு முன் அட்டையில் கட்டி வைத்துவிட வேண்டும் என்று இறங்கினார். 1920–30-களின் கிராமப்புறம், 76-இல் ஒரு பங்கு அளவில். சுவரின் ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாகக் கீறி, தனித்தனியாக நிறம் தீட்டப்பட்டது. அந்த ஊர்த் தோட்டங்களில் காய்கறிச் செடி வரிசையைக்கூட எண்ணிப் பார்க்கலாம்.

ரயில் அங்கே கதாநாயகன் அல்ல, ஊர் வழியாகப் போகும் ஒரு ஆள். தண்டவாளத்தில்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் ஓஓ அளவில் ஒரு பழைய சங்கடம் உண்டு: வண்டி 76-இல் ஒரு பங்கு, ஆனால் தண்டவாள இடைவெளி ஹெச்ஓவிடம் கடன் வாங்கிய 16.5 மில்லிமீட்டர். கணக்குப்படி இருக்க வேண்டியது 18.83. அதனால் முன்னாலிருந்து பார்த்தால் வண்டி கால் ஒடுங்கி நிற்பது போல இருக்கும். பெண்டன்காரர்கள் 18 மில்லிமீட்டருக்குப் போனார்கள். கடையில் வாங்கிய சக்கரம் அதற்குப் பொருந்தாது, எல்லாம் கைவேலை. (நமக்கும் இந்தச் சங்கடம் உண்டு. நம் பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர்; 87-ஆல் வகுத்தால் 19.3. ஹெச்ஓ தண்டவாளத்தில் ஓடும் நம்மூர் டபிள்யூடிஎம் டீசல் என்ஜின் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் ஒல்லியான பாதையில்தான் ஓடுகிறது. நான் இதைச் சொன்ன நாளிலிருந்து நண்பர் தன் என்ஜினை முன்பக்கமிருந்து பார்ப்பதே இல்லை.)

அங்கே டார்ட்மூர் காட்சி என்று இன்னொன்று இருக்கிறது, பெரிய மரப்பாலத்தோடு. ஜான் அஹெர்ன் கட்டிய மேடர் வேலி லேஅவுட்டும் அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. ரயிலைச் சுற்றி ஒரு முழு நிலப்பரப்பையே கட்டலாம் என்று பலருக்குக் காட்டிக்கொடுத்த லேஅவுட் அது.

பெண்டனில் வண்டி நின்றால் பெரிய நஷ்டம் இல்லை. பார்வையாளர் ஒரு குடிசையின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருக்கும் தன்னார்வலர் அந்த வீட்டின் கதையைச் சொல்வார். பெரும்பாலும் தன்னார்வலர்களை வைத்தே நடக்கும் இடம் அது. அசையாத பொருளே பார்க்கத் தகுந்ததாக இருந்தால் அசைவது இடையில் நின்றாலும் கூட்டம் கலையாது. நவராத்திரி கொலுவில் பார்க் வைத்தவர்களுக்கு இது புரியும்: ரயில் ஓடாவிட்டாலும் மாமிகள் செட்டியார் பொம்மையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை காலம். பணம் இருந்தால் ஹாம்பர்க்கைப் போல ஒன்றை முயன்று பார்க்கலாம். பெண்டனைப் போல ஒன்றுக்குப் பல பத்தாண்டுகள் ஒரே பிடிவாதத்தோடு உட்கார்ந்த மனிதர்கள் வேண்டும். அதுவும் குழந்தைகளுக்கு அது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும் இடம். ஏழு வயதுப் பையனிடம் செங்கல்லை எண்ணு என்று சொல்ல முடியுமா?

புனேக்கு வருவோம். கோத்ருட் பகுதியில், ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம். பாவு ஜோஷியின் பொழுதுபோக்காகத் தொடங்கி, 1998-இல் நிரந்தரக் காட்சியானது. ஹெச்ஓ அளவு. ஒரு ஹாலுக்குள் அடங்கும் சின்ன ஊர்: நிலையம், சர்க்கஸ், நீச்சல் குளம், மலை ரயில், சிக்னல்கள். ஹாம்பர்க்கைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர் "இவ்வளவுதானா?" என்பார். பரப்பை மட்டும் பார்த்தால் அது சரிதான்.

ஆனால் எனக்கு இந்த மூன்றில் அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான். இங்கே ரயில் நாள் முழுக்க ஓடுவதில்லை. காட்சி நேரம் இருக்கிறது. ஒரு கூட்டம் உள்ளே வந்து உட்காரும், விளக்கு அணையும், விளக்கவுரையோடு வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும், ஊர் இருட்டும், விளக்கேறும். அரை மணி நேர அளவில் முடிந்துவிடும். சினிமாக் கொட்டகை முறை. இடைவேளையில் மோட்டார் ஆறும். தண்டவாளத்தைத் துடைக்கலாம். எந்த வண்டி எந்த நிமிடத்தில் எங்கே இருக்கும் என்பது முன்பே முடிவானது என்பதால் இரண்டு மூன்று பேர் போதும். அதோடு, நடந்துகொண்டே பார்க்கிறவருக்குக் கடைசி பெட்டி மட்டும் கண்ணில் படலாம். உட்கார்ந்து பார்க்கிறவர் எதையும் தவறவிடுவதில்லை. நான் முன்பு போட்ட கணக்கையே திரும்பப் போடுங்கள்: ஒரு நாளைக்கு எட்டுக் காட்சி, ஒரு காட்சியில் ஒரு என்ஜினுக்குப் பத்து நிமிட ஓட்டம் என்றால் ஆறரை கிலோமீட்டர் ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிடும். என்ஜினின் ஆயுள் ஆறு மடங்கு.

குறை இல்லாமல் இல்லை. காட்சி முடிந்த பிறகு பிடித்த மூலையில் போய் நின்று பார்க்கும் சுகம் இந்த முறையில் குறைவு. காட்சி நடுவே வண்டி நின்றால் ஹாம்பர்க்கைப் போல வேறு ஆயிரம் வண்டிகள் மானத்தைக் காப்பாற்றாது. முப்பது ஜோடிக் கண்கள் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த மூன்றுமே ஓரிடத்தில் நிலைத்தவை. பிரிட்டனில் வார இறுதிக் கண்காட்சிகளுக்குத் தூக்கிக்கொண்டு போகும் லேஅவுட்டுகள் தனி ஜாதி: பலகை பலகையாகக் கழற்றி வேனில் ஏற்றி, போய்ச் சேர்ந்து பூட்டி, இரண்டு நாள் ஓட்டி, ஞாயிறு மாலை கழற்றுவது. உயிர்நாடி பலகைகள் சேரும் இடம்தான். அங்கே தண்டவாள முனை அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சக்கரம் ஏறிவிடும். அதனால் மரப்பலகையில் பித்தளை முளையும் குழியும் வைத்து, தண்டவாள முனைகளுக்கு ஆணியை மட்டும் நம்பாமல் உலோகத்தோடு பற்றவைக்கிறார்கள். ஓட்டுகிறவர்கள் பின்னால் நின்று, திரைக்குப் பின் இருக்கும் பாதைகளில் அடுத்த வண்டியைத் தயார் செய்துகொண்டே இருப்பார்கள். இடம் சொந்தமாக இல்லாதவருக்கு வேறு வழி கிடையாது; ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் பத்து மரம், நாலு விளக்குக் கம்பம் காணிக்கை.

மின்சாரத்தைப் பற்றி ஒரே வார்த்தை. பாதைக்குத் தரும் மின்சாரத்தை ஏற்றி இறக்கி ஓட்டும் பழைய டிசியா, என்ஜினுக்கே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசியா என்ற சண்டையில் பெரிய லேஅவுட்டுக்கு டிசிசிதான். ஒவ்வொரு என்ஜினுக்கும் தனி முகவரி, ஒரே பாதையில் பலவற்றை ஓட்டலாம். ஆனால் முழு ஊரையும் ஒரே பூஸ்டரில் (பாதைக்கு மின்சாரம் தரும் பெட்டியில்) மாட்டாதீர்கள். ஒரு மூலையில் தடம் புரண்டு ஷார்ட் ஆனால் மொத்தமும் செத்துப்போகும். நான்கு பகுதியாகவாவது பிரியுங்கள்.

நண்பர் அடுத்த கண்காட்சிக்கு என்ன செய்வது என்று கேட்டபோது ஹாம்பர்க்கை மறந்துவிடச் சொன்னேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். தீயணைப்பு வண்டி மேல் அவருக்கு ஒரு கண். புனேயின் காட்சி முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பலகை சேர்ப்பதைப் பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து. பெண்டனிலிருந்து ஒரே ஒரு மூலை மட்டும்: நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை, செங்கல் செங்கல்லாக. வண்டி நின்றால் கையைக் காட்ட ஏதாவது வேண்டுமே.

இப்போது திட்டம் இப்படி: பன்னிரண்டு நிமிடம் காட்சி, எட்டு நிமிடம் துடைப்பு. இரண்டு என்ஜின் ஓட்டத்தில், மூன்றாவது கையிருப்பில். துணிக்குப் பதிலாக நூல் பிரியாத பஞ்சுப்பட்டை. டீக்கடைக்கு நான்தான் செங்கல் கீற வேண்டும். இதுவரை ஒரு சுவர் முடிந்திருக்கிறது. மண்டபக்காரரிடம் பேச வேண்டியது ஒன்றே ஒன்று, மின்விசிறியை அணைக்கச் சொல்ல முடியுமா என்று. மே மாதம் என்கிறார்கள்.