ஜூன் மாத மில் லாக்ஸ் ஏரி: வால்-ஐயா, பாஸா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மில் லாக்ஸ் ஏரியில் ஜூன் தொடக்கத்தில் தூண்டில் போடப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வானத்தை. மேகமும் காற்றும் இருந்தால் வால்-ஐ மீன். வெயிலடித்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தால் ஸ்மால்மவுத் பாஸ் மீன்.

வால்-ஐயின் விழிக்குள், பூனைக்கு இருப்பதுபோல, ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் அதற்கு நன்றாகத் தெரியும், இரையாகும் சிறுமீனுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் அந்தி நேரமும் அலையடிக்கும் கரையும் அதற்குத் தோது. ஏரியின் பனிக்கட்டி உருகியதுமே முட்டையிட்டு முடித்திருக்கும். ஜூனில் பசியோடு திரியும். தக்கைக்குக் கீழே உயிருள்ள அட்டையைத் தொங்கவிடுங்கள், அப்புறம் பொறுமைதான்.

பாஸ் கதை வேறு. தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி வந்த பிறகுதான் முட்டையிடும். ஆண் மீன் ஆழமில்லாத சரளைத் தரையில் கூட்டைக் காத்து நிற்கும். பக்கத்தில் எது வந்தாலும் பாயும். பிடிப்பது சுலபம். ஆனால் அதைத் தூக்கிவிட்டால் சின்ன மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். கூட்டை விட்டுத் தள்ளியிருக்கும் பாறைத்திட்டில் போடுவதே நியாயம்.

துள்ளலுக்கு பாஸ், தட்டுக்கு வால்-ஐ. ஆனால் இங்கே பிடித்த வால்-ஐயை வைத்துக்கொள்ளும் விதி அடிக்கடி மாறும். பார்த்துவிட்டுப் படகை இறக்குங்கள்.