8-க்கும் 24-க்கும் நடுவே: தொலைதூர விண்மீன் திரள்களைத் தேடிய நான்கு தொலைநோக்கிகள்

விண்மீன்கள் மும்முரமாகப் பிறக்கும் இடங்களைத் தூசு மூடிக்கொள்வதால், தொலைதூரத் திரள்களின் கணக்கை எடுக்க நடு அகச்சிவப்பு ஒளி இன்றியமையாதது. அதற்கு எந்தத் தொலைநோக்கி ஏற்றது என்றால் உடனே ஜேம்ஸ் வெப்பைக் கைகாட்டிவிடுகிறோம். விடை அவ்வளவு எளிதன்று.

பார்க்கும் வானத்தின் பரப்புதான் முக்கியம் என்றால் வைஸ் விண்வெளித் தொலைநோக்கி. 2009 டிசம்பரில் ஏவப்பட்ட அதன் ஆடி வெறும் 40 செ.மீ.; ஆயினும் 3.4, 4.6, 12, 22 மைக்ரான் (மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலைநீளங்களில் முழு வானத்தையும் படமெடுத்தது. தூசுக்குள் கருந்துளை கொழுந்துவிட்டெரியும் அபூர்வத் திரள்கள் அத்தகைய வலையில்தான் சிக்கும்.

2003-இல் சென்ற 85 செ.மீ. ஸ்பிட்சர் அதைவிட ஆழமாகப் பார்த்தது. ஆனால், நிறமாலைமானியோடு இணைந்திருந்த சிறிய 16 மைக்ரான் கேமராவை விட்டுவிட்டால், 8 மைக்ரானுக்கு அடுத்து அதற்கு 24 மைக்ரான்தான். இந்த இடைவெளி சாதாரணமானதல்ல. விண்மீன் பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் கரிம மூலக்கூறுகள் 7.7 மைக்ரானில் பளிச்சிடுகின்றன; செம்பெயர்ச்சி, அதாவது பிரபஞ்ச விரிவால் அலைநீளம் கூடும் அளவு, 2 என்றால் அந்த ஒளி மும்மடங்காகி 23 மைக்ரானுக்கு நீண்டு 24-இன் பட்டைக்குள் விழும், செம்பெயர்ச்சி 1 என்றால் இருமடங்காகி 15.4-இல் நின்று இடைவெளிக்குள் நழுவிவிடும்.

அந்த ஓட்டையை அடைத்தது, அதிகம் பேசப்படாத ஜப்பானின் அகாரி. 2006-இல் ஏவப்பட்ட இந்த 68.5 செ.மீ. தொலைநோக்கி 2 முதல் 24 மைக்ரான் வரை ஒன்பது வடிகட்டிகளைக் கொண்டிருந்தது. 11, 15, 18 மைக்ரான்களும் அவற்றுள் அடக்கம். துருவங்களைத் தொட்டுச் சுற்றும் பாதை என்பதால் சூரியவீதியின் (வானில் சூரியன் நகரும் பாதையின்) துருவங்களையொட்டி மட்டுமே ஆழமாகப் பார்க்க முடிந்தது. 2007 ஆகஸ்டில் அதைக் குளிர்வித்த திரவ ஹீலியமும் தீர்ந்தது. இருந்தும் சூரியவீதியின் வடதுருவத்தருகே 5.4 சதுர பாகை வானம் கைக்கு வந்தது.

வெப்பின் நடு அகச்சிவப்புக் கருவியான மிரியிலும் 5.6 முதல் 25.5 மைக்ரான் வரை ஒன்பது வடிகட்டிகள் உள்ளன. ஸ்பிட்சரின் 24 மைக்ரான் படத்தில் ஆறு வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலத்தில் ஒரே பொட்டாகக் குழைந்துபோகும் அண்டைத் திரள்களை, 6.5 மீட்டர் ஆடியின் கூர்மையால் அது பிரித்துக் காட்டுகிறது. இயந்திரக் குளிரூட்டி இருப்பதால் ஹீலியம் தீருமே என்ற கவலையும் இல்லை. ஒரு திரளின் உள்விவரம் வேண்டுமெனில் என் தேர்வு ஐயமின்றி இதுவே. ஆனால் மிரியின் ஒரு படத்தில் அடங்குவது 74-க்கு 113 வில்விநாடி வானம் மட்டுமே; அகாரி பார்த்த 5.4 சதுர பாகையை நிரப்ப அதற்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் தேவைப்படும்.